மூன்றாம் மாடியில் சத்தம் போடாதீர்கள்

லிஃப்ட்காரர் கதவை மூடவில்லை. லொரெதானாவும் ருஜ்ஜேரோவும் உள்ளே வந்து நின்ற பிறகும், பின்னால் இன்னும் யாரோ வர வேண்டியிருப்பதுபோல் வெள்ளைக் கையுறை போட்ட கையால் பித்தளைக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு குழந்தைத் தள்ளுவண்டி உள்ளே வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு அவள் முழங்காலருகே குனிந்து பார்த்து, சிரித்து, மெல்ல மூடினார்.

“வயசாயிடுச்சு, பாவம்,” என்றான் ருஜ்ஜேரோ, அவள் காதோரம்.

அவன்தான் பிடிவாதமாக அவளை மிலானுக்குக் கூட்டிவந்திருந்தான். ஜூலையில் அவர்கள் மகன் எலியா மூன்று மாதக் குழந்தையாக, தூங்கிய தூக்கத்திலேயே போய்விட்ட பிறகு அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. “ரெண்டே நாள், லோரெ. கல்யாணமான புதுசுல வெளியில நின்னு ஆன்னு வாயப் பொளந்து பாத்தோமே, அதே ஹோட்டல். உள்ள போய்த்தான் பாப்போமே.”

அறையில் பட்டுத்திரைகள் தரைவரை வழிந்தன. ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மூடுபனியில் டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அதன் விளக்கு மட்டும் தெரிந்தது. பளிங்கு மேசைமேல் வெள்ளை லில்லிப் பூக்கள். அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்த பால்போல. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் கோட்டைக் கழற்றினாள்.

துவாலை கொண்டுவந்த பணிப்பெண் நுனிக்காலில் நடந்தாள்.

“திரைய இழுத்து விடட்டுமா, சிஞ்ஞோரா? வெளிச்சம் மூஞ்சில அடிக்குது,” என்று கிசுகிசுத்தாள்.

“யார் மூஞ்சில?”

பணிப்பெண் கட்டிலைப் பார்த்தாள். “ஐயோ, மன்னிச்சிடுங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சு போல.” வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

“ருஜ்ஜேரோ, இங்கேருந்து போயிடலாம்.”

“அவ வேற யாரோன்னு நெனச்சிக்கிட்டு அறை மாறி வந்திருப்பா. நீ கொஞ்சம் படு. நான் ஒரு காப்பி குடிச்சிட்டு ஓடி வந்துடறேன்.”

அவன் போனான். போகும்போது கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி, ‘டக்’கென்ற ஓசைகூட எழாமல் கதவைச் சாத்தினான். ஜூலைக்குப் பிறகு அவன் அப்படிச் சாத்தியதே இல்லை.

அவள் கட்டிலின் ஓரத்தில் படுத்தாள். தாழ்வாரத்தில் யாரோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். யாரோ யாரையோ “ஷ்ஷ்” என்றார்கள். அந்த மாடி முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

அடக்காத ஒரு மூச்சு மட்டும் கேட்டது. சின்ன மூச்சு. மூக்கடைத்த மூச்சு.

அவள் திரும்பவில்லை.

மார்பு கனத்தது. மருந்து கொடுத்து வற்றவைத்த பால். சட்டை நனைந்தது. வலப்பக்கம். பிறகு இடப்பக்கம்.

மெத்தை அமுங்கியது. ஏதோ ஒன்று நகர்ந்து வந்தது. தவழ்ந்து. எலியாவுக்குத் தவழத் தெரியாது.

அவள் கை தானாக விரிந்தது. ஒரு தலை வந்து அதில் சாய்ந்தது. ஈரமாக. கல்லின் குளிர்ச்சியோடு. ஜூலைவரை அவள் தாங்கிய தலையைவிடக் கனம்.

“வளந்துட்டியா,” என்றாள். “அங்கயும் வளந்துட்டியாடா என் தங்கம்?”

வாய் தேடியது. கண்டுபிடித்தது.

அவள் உடம்பு துள்ளியது. பற்கள். கீழே இரண்டு, மேலே இரண்டு. அப்புறமும் இருந்தன. நிறைய.

விலக்க முடியும். கதவு பக்கத்தில்தான். கத்தினால் யாராவது வருவார்கள்.

அவள் கத்தவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ருஜ்ஜேரோ கதவைத் திறந்தபோது லொரெதானா அழுதுகொண்டே சிரித்தாள். உதட்டின்மேல் விரல் வைத்தாள். வெள்ளை விரிப்பில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கை, நெஞ்சருகே காலியாக இருந்த இடத்தின்மேல், விடாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.