கம்பளம் சொன்ன பெயர்

போன் அடித்தது.

ஹஃப்சா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். விஜயதசமி விடுமுறை. இந்தக் காலை வேளையில் யார்?

தெரியாத எண்.

"ஹஃப்சாங்களா?" பெண் குரல். "இன்ஸ்பெக்டர் ஆராயி பேசறேனுங்க. உங்க காலேஜ்ல இருந்து."

"சொல்லுங்க மேடம்..."

"உங்க கைடு கதிர் சார் இறந்துட்டாருங்க. லேப்புக்குள்ள. யாரோ கொன்னுபோட்டாங்க. நீங்களே வாரீங்களா... ஜீப் அனுப்பட்டுங்களா?"

கேள்வியில் மரியாதை இருந்தது. தப்பிக்க வழி இல்லை.

எண்ணெய்க் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது.

*

ஆட்டையாம்பட்டி தாண்டி, ராசிபுரம் போகிற வழியில், பொட்டல் காட்டு நடுவே நின்றது அந்தப் பொறியியல் கல்லூரி.

முந்தின நாள் ஆயுத பூஜை. வாசலில் உடைத்துப் போட்ட பூசணிக்காய் குங்குமம் கலந்து சிவந்து கிடந்தது. ஹஃப்சா அதைப் பார்க்காமல் மாடி ஏறினாள்.

லேப் வாசலின் இரு பக்கமும் வாழைக்கன்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு.

தரையில் விரித்திருந்த கறுப்புக் கம்பளத்தின் ஓரத்தில்... கதிர்.

குப்புறக் கிடந்தார். கழுத்தில் மெல்லிய கறுப்பு நூல், சதைக்குள் புதைந்து.

அந்த நூலை ஹஃப்சாவுக்கு நன்றாகத் தெரியும். சாதாரணப் பருத்தி நூலுக்குக் கரிப்பூச்சு கொடுத்து, அதில் மின்சாரம் ஓட வைத்தவர் கதிர். எத்தனை இழுத்தாலும் அறாத பலத்தையும் அவரே அதற்கு ஏற்றினார்.

அந்த ஆராய்ச்சியில் அவர் முழு வெற்றி பெற்றிருந்தார் என்பது இப்போது தெரிந்தது.

"சுவரோரமாவே வா கண்ணு." இன்ஸ்பெக்டர் ஆராயி கை காட்டினாள். நரைத்த தலை, தூக்கமில்லாத கண். "கம்பளத்த யாரும் மிதிக்கல. மேசைப் பக்கமிருந்தே நாடி பார்த்துட்டோம். லட்சக்கணக்குல போகும்னு வாட்ச்மேன் சொன்னாரு. என்னதான் செய்யும் இது?"

அவள் பின்னால் ஏட்டு சுப்பையன் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க சுப்பையன், அது எங்க எடுத்தது?"

"ஸ்டேஷன் பொரிங்க மேடம். இங்க எதையும் தொடலீங்க."

ஹஃப்சா சுவரோரமாக நகர்ந்து வந்தாள். "மேல நடக்கறது யாருன்னு சொல்லும் மேடம். காலை எப்படி வைக்கறோம், எங்க அழுத்தறோம்... ஆளுக்கு ஆள் மாறும். அதை இந்த நூல் உணரும். நூல் சாரோட வேலை. பேரைக் கண்டுபிடிக்கற புரோகிராம் என்னோட வேலை. தனியா இருக்கற வயசானவங்க வீட்ல போடறதுக்காகப் பண்ணினோம்."

"அப்படின்னா ராத்திரி வந்தவனையும் சொல்லுமா?"

"இல்ல மேடம். பூஜை போட்டா மறுநாள் வரைக்கும் எதையும் தொட மாட்டாங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான்..."

நிறுத்தினாள்.

மேசைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"கம்பளத்தோட பெட்டி," என்றாள் மெதுவாக. "இதுக்கு யாரும் பொட்டு வைக்கல. அதனால ஆஃப் பண்ணவும் மறந்துட்டாங்க..."

"ஓடிட்டுத்தான் இருந்துச்சா?"

"ராத்திரி முழுக்க."

"போடு சாமி."

ஹஃப்சா சுவரில் இருந்த திரையை உயிர்ப்பித்து, ராத்திரிப் பதிவைத் திறந்தாள். சார் கழுத்தை நெரித்தவன் யார்? இதோ தெரியப்போகிறது. பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறின.

கதிர்.

கதிர்.

கதிர்.

அதற்குக் கீழே, கடைசியாக...

ஹஃப்சா.

சுப்பையன் மெல்லுவதை நிறுத்தினார்.

"இந்த லேப்ல எத்தனை ஹஃப்சா?" ஆராயியின் குரல் மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் ஒருத்திதான்... ஆனா நான் இல்ல மேடம். பூஜை முடிஞ்சதுமே கிளம்பிட்டேன்."

"எப்படிப் போனீங்க?"

"பஸ்ல."

"பார்த்தவங்க?"

"பண்டிகைக் கூட்டம் மேடம். யாரையும் தெரியல."

"ஊட்டுல?"

"அம்மா கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருக்காங்க."

"ரொம்பத் தோதா இருக்குதுங்க," என்றார் சுப்பையன்.

ஆராயியின் போன் அடித்தது. சித்தார்த். கல்லூரி உரிமையாளரின் மகன், ஊரெல்லாம் சின்ன சேர்மன் என்று கூப்பிடும் ஆள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர், நான் நேத்து சென்னையில இருந்தேன். இப்பத்தான் சேலம் வந்து சேர்ந்தேன். ஏதாவது தெரிஞ்சுதா?"

"கம்பளம் ஒரு பேரு சொல்லுதுங்க. ஹஃப்சாவாம்."

எதிர்முனையில் ஒரு நீண்ட மூச்சு.

"அந்தக் கம்பளம் பொய் சொல்லாது. நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியாச் சொல்லும். அதை நம்பித்தான் திங்கக்கிழமை பெங்களூர் கம்பெனிக்காரங்க இதை வாங்கக் கையெழுத்துப் போட வர்றாங்க. அந்தப் பொண்ணை அரெஸ்ட் பண்ணுங்க. நான் நேர்ல வரேன்."

போனை வைத்துவிட்டு ஆராயி ஹஃப்சாவைப் பார்த்தாள்.

"சின்னவரு உங்க புரோகிராமுக்கு சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாரு. எழுதினது நீங்க. நீங்க சொல்லுங்க. அது சரியா, தப்பா?"

சரி என்றால் ஜெயில்.

தப்பு என்றால் அடுத்த வாரம் நடக்கவிருந்த வைவா போச்சு. டாக்டர் பட்டம் போச்சு. அதோடு முடியவில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டால் நேற்று நடந்ததையும் சொல்ல வேண்டும். சொன்னால், கொலைக்கு அவளுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

கண்ணை மூடித் திறந்தாள்.

"தப்பு மேடம்."

"எப்படி?"

"எங்க லேப்ல அஞ்சு பேர். அந்த அஞ்சு பேரோட காலைத்தான் அதுக்குக் கத்துக்கொடுத்தேன். அந்த அஞ்சு பேரை வெச்சேதான் சோதிச்சும் பார்த்தேன். வெளியாளு வந்தா 'தெரியாது'ன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. அஞ்சுல யாரோட நடைக்குக் கிட்ட வருதோ அந்தப் பேரை ஒட்டிடும்."

"இது எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து. பூசாரி தட்டோட கம்பளத்து மேல நடந்தாரு. திரையில 'கதிர்'னு வந்துச்சு. சார் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம்... சிரிப்பு நின்னுடுச்சு."

"என்ன சொன்னாரு?"

"வைவாவை நிறுத்திடு, திருப்பிச் செய்யலாம்னாரு. பெங்களூர்க்காரங்ககிட்டயும் உண்மையைச் சொல்லப்போறேன்னாரு."

சுப்பையன் விசிலடிக்காத குறை.

"ஏங்கண்ணு," ஆராயி கிட்டே வந்தாள். "இதைச் சொன்னா உன் கழுத்துக்குத்தான் கயிறுன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். ஆனா புரோகிராம் தப்பு."

*

உடலை எடுத்துப் போனார்கள். போட்டோக்காரரும் போய்விட்டார். கம்பளம் வெறுமையாகக் கிடந்தது.

ஹஃப்சாவைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சொன்னதை நிரூபிக்கணுமில்ல?" ஆராயி பூட்ஸைக் கழற்றினாள். வெறுங்காலோடு கம்பளத்தில் ஏறி நடந்தாள்.

திரை மினுங்கியது.

கதிர்.

சற்று முன்னால்தான் அந்தக் கதிரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போயிருந்தார்கள். செத்தவர் இன்னும் அறைக்குள் நடந்துகொண்டிருப்பது போல இருந்தது ஹஃப்சாவுக்கு.

ஆராயி சட்டென்று கம்பளத்தை விட்டு இறங்கினாள். "நீங்க போங்க சுப்பையன்."

சுப்பையன் தயங்கித் தயங்கி நடந்தார்.

யாழினி.

"யாருங்க அது?"

"எங்க உதவிப் பேராசிரியை," என்றாள் ஹஃப்சா.

"இடுப்ப ஆட்டிட்டா நடக்கறேன் நானு?" சுப்பையன் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். "ஊட்டுக்காரி காதுல போட்டுராதீங்க மேடம்."

ஆராயி சிரிக்கவில்லை. "சரி, தப்புதான். ஆனா ஒண்ணு கண்ணு. தப்பா இருக்கலாம்கறதால நீ வரலைன்னு ஆயிடாது. நீயே நடந்திருந்தாலும் இதே பேருதானே வரும்?"

ஹஃப்சா அறிந்த உண்மை முழுவதையும் கொடுத்தாகிவிட்டது. அது போதவில்லை.

"ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க சுப்பையன்."

அப்போது படிக்கட்டில் வேகமான காலடி.

சித்தார்த். சலவைச் சட்டை, கோபமான முகம். வாழைக்கன்று கட்டிய வாசலுக்கு வந்ததும் கால் தானாக நின்றது. குனியாமலே தோல் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான்.

"இன்னுமா இந்தப் பொண்ணை இங்க வெச்சிருக்கீங்க? மெஷினே பேரைச் சொல்லியாச்சு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

பேசிக்கொண்டே கம்பளத்தின் மேல் நேராக நடந்தான்.

திரை மினுங்கியது.

ஹஃப்சா.

ஹஃப்சா.

ஹஃப்சா.

ஹஃப்சா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால் தரையிலேயே இல்லை.

"அங்கயே நில்லுங்க சின்னவரே," என்றாள் ஆராயி.

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஹஃப்சா ஸ்டூலை விட்டு எழுந்தாள்; திரைக்குக் கீழே கீபோர்டில் அவள் விரல்கள் ஓடின. ராத்திரி பதிந்த பாதத்தையும் இப்போது பதிந்த பாதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் வைத்தாள்.

"மேடம்... ரெண்டுலயும் இடது கால் சுண்டுவிரல் தரையில படவே இல்ல. ரெண்டும் ஒரே கால். என் கால் எப்படி இருக்கும்னு இதோ..." மூன்றாவது பாதம் வந்தது. ஐந்து விரலும் முழுதாகப் பதிந்திருந்தன.

"அது எப்படி?" சித்தார்த்துக்கு வாய் குழறியது. "ராத்திரி எல்லாம் ஆஃப்ல இருந்துச்சே... லைட்டு, கம்ப்யூட்டர், எல்லாமே... அந்தப் பேரு பகல்ல பதிஞ்சதுன்னு நினைச்சேன்..."

"சென்னையில இருந்து பார்த்தீங்களாக்கும்," என்றார் சுப்பையன்.

சித்தார்த் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை ஒரு நாள்... ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்கன்னு கெஞ்சினேன். கேக்கலை. கம்பளம் யாரையும் கண்டுபிடிக்காதுன்னு சொல்லியே தீருவேன்னாரு. மொத்த காலேஜும் கடன்ல நிக்குது..."

"கொலை பண்ண வந்தவரு செருப்பப் போட்டுட்டே வந்திருக்கலாமில்லீங்க?" சுப்பையனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "வெறும் பாதம் பதிஞ்சதாலதான மாட்டுனீங்க."

"பூஜை போட்ட இடம்..." என்றான் சித்தார்த்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

ஹஃப்சா முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது.

விலங்கு ஏறும்போது சித்தார்த் திமிறினான். "கோர்ட்ல பார்த்துக்கறேன். இந்த ஓட்டைக் கம்பளம் ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லுச்சா? சொன்னது அத்தனையும் பொய்!"

"பொய்தானுங்க," ஆராயி பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா ரெண்டு தடவையும் அதே பொய்யச் சொல்லுது. எங்க டிபார்ட்மென்ட்ல இந்த அளவுக்கு நம்பிக்கையான சாட்சி கிடைக்கறது அபூர்வமுங்க."