சால்னாவுக்கு நடை சாத்தியாச்சு

தென்காசிக் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த வளவில் நாலு வீடு, ஒரு குழாய், ஒரு நாய். குழாய்த் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு முறை உண்டு. முழுப்பரீட்சை லீவு விட்டதும் நாய்க்கும் முறை வந்துவிட்டது.

வளவுப் பிள்ளைகள் நாலு பேருக்கும் முறை போட்டவள் வேல்விழி. ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறவள். நாயின் பெயர் சால்னா. பரோட்டாக் கடையிலிருந்து அவள் பின்னாலேயே வந்த குட்டி. நிறமும் ஏறக்குறைய அதுதான். வேறு என்ன பெயர் வைப்பது?

காலையில் சந்தோஷ்குமார் பந்து எறிவான். அவன் போனதும் சஹானா வந்து ரிப்பன் கட்டி அலங்காரம் செய்வாள். அடுத்து வேல்விழி ஓட்டப்பந்தயம் விடுவாள். பிறகு, ஒன்றாம் வகுப்பு புவனேஷ் யாருடைய செருப்பையாவது ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வான். அப்புறம் மறுபடியும் பந்து. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வேல்விழிக்குத் தன்னை நினைத்துத் தனக்கே பெருமை.

அந்தப் பெருமைக்குக் கண் பட்டுவிட்டது. ஒரு மத்தியானம், “செருப்பு எங்க? கண்டுபிடி!” என்று புவனேஷ் வாலைப் பிடித்து இழுத்தான். சால்னா உர்ரென்று பாய்ந்தது. நல்லவேளை, பல் படவில்லை. சட்டைக் கை மட்டும் டர்ரென்று கிழிந்தது.

அவன் போட்ட அலறலில் வீட்டுக்கார காமராஜ் அண்ணாச்சி சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார்.

“ஏட்டி வேல்விழி, இது சரிப்படாது! பிள்ளைகள் இருக்க இடம். நாளைக்குப் புளியங்குடியில இருந்து என் தம்பி வண்டி வருது. ஏத்தி விட்டுருதேன். எலுமிச்சந்தோட்டத்துல கிடக்கட்டும்.”

“அது நல்ல நாய் அண்ணாச்சி.”

“நல்ல நாய் சட்டையக் கிழிக்குமாட்டி?”

வேல்விழிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. சால்னாவுக்கு ஏன் கோபம் வருகிறது? நாளை முழுக்க அதன் கூடவே இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பொழுது விடிந்ததுமே பந்து பறந்தது. சால்னா ஓடியது, வேல்விழியும் ஓடினாள். மூச்சு வாங்க மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தால், ரிப்பனோடு சஹானா வந்து நின்றாள். அவள் போனதும் மறுபடி ஓட்டம். சால்னாவுக்குக் கடைசி நாள் என்பதால் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே விளையாடினார்கள். மத்தியானம் நெருங்கும்போது வேல்விழிக்குக் கண் சொருகியது.

தலையில் பந்து ஒன்று தட்டியது. “ஏட்டி, எந்திரி! அடுத்த ஆட்டம்!” என்றான் சந்தோஷ்குமார்.

“போலே அங்கன! மனுஷியக் கொஞ்ச நேரம் தூங்க விடமாட்டியாலே?”

அவள் கத்திய கத்தலில் சுவரில் இருந்த காகம் பறந்துபோனது. சந்தோஷ்குமார் பின்வாங்கினான். “என்னட்டி, சால்னா மாதிரி உறுமுத?”

வேல்விழி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் சால்னா, கண் சிவந்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது.

“நம்ம முறை முடிஞ்சதும் நாம வீட்டுக்குப் போயிருதோம். இதுக்கு எப்பலே முடியுது?” என்றாள். “நாலு பேருக்கும் முறை போட்டேன். இதுக்கு ஒண்ணு போடலையே.”

அந்த நேரம், கோயில் வாசலில் பூ விற்கும் அவள் அம்மா சந்தனமாரி கூடையோடு வந்தாள். “நடை சாத்தியாச்சு. இனி சாயங்காலம்தான். சாமியே ஓய்வெடுக்கப் போயாச்சு, நானும் செத்த நேரம் படுக்கேன்” என்று உள்ளே போனாள்.

வேல்விழி துள்ளி எழுந்தாள். அம்மாவின் பழைய சேலையை எடுத்து மாடிப்படிக்கு அடியில் திரையாகக் கட்டினாள். உள்ளே ஒரு சாக்கு, ஒரு கிண்ணம் தண்ணீர். சால்னா உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பொத்தென்று விழுந்தது. உடனே குறட்டை!

கொஞ்ச நேரத்தில் தம்பி வண்டியும் வந்துவிட, அண்ணாச்சி கயிற்றோடு வந்தார். “எங்கன அந்த நாய்?”

திரைக்கு முன்னால் புவனேஷ் இரண்டு கையையும் விரித்து நின்றான். “ஷ்ஷ்! நடை சாத்தியாச்சு அண்ணாச்சி. நாலு மணிக்கு மேல வாங்க.”

“ஏலே, உன்னத்தான நேத்துக் கடிக்க வந்துச்சு?”

“தூங்கும்போது நான்தான் வாலை இழுத்தேன்” என்றான் புவனேஷ் தலையைக் குனிந்துகொண்டு. “இப்ப நீங்க எழுப்பினா உங்களையும் கடிக்கும்.”

அண்ணாச்சி ஓரடி தள்ளி நின்றார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி” என்றாள் வேல்விழி. “தூங்கி எந்திரிச்ச பிறகும் உறுமினா, நானே அதை வண்டியில ஏத்துதேன்.”

அண்ணாச்சி யோசித்தார். தம்பியைக் காபி குடித்துவிட்டு வரச் சொன்னார்.

கோயில் மணி கேட்டபோது திரை அசைந்தது. முதலில் மூக்கு வந்தது. பிறகு நீளமாக ஒரு கொட்டாவி. சால்னா நேராகப் புவனேஷிடம் போனது. அவன் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அது அவன் கையை நக்கிவிட்டு, குழாயடிப் பக்கம் ஓடி, வாளிக்குப் பின்னாலிருந்து எதையோ கவ்விக்கொண்டு வந்து அவன் காலடியில் போட்டது.

நேற்று கண்டுபிடிக்கச் சொன்ன செருப்பு!

“ஏலே, இது என் செருப்புல்லா!” என்றார் அண்ணாச்சி. “நேத்துல இருந்து தேடுதேன்!”

வளவே சிரித்தது. செருப்பைக் காலில் மாட்டிய அண்ணாச்சிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எலுமிச்சை வண்டி நாயில்லாமலே புளியங்குடிக்குத் திரும்பியது. வேல்விழி சால்னாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் வாசலில் ஐஸ் வண்டிக்காரர் ‘பாம் பாம்’ என்று ஹாரன் அடித்தார். யாரும் சொல்லும் முன்பே காமராஜ் அண்ணாச்சி வெளியே ஓடி வந்தார்.

“மெதுவாய்யா! உள்ள நடை சாத்தியிருக்குல்லா!”