வரவேற்பறையில் அந்தோணியார்!

காலை மணி ஆறு.

கோயில் மணி அடிக்கவில்லை!

செர்ரா மான்சா ஊரில் இருபத்திரண்டு வருடமாக அந்த மணி ஒருநாள்கூடத் தவறியதில்லை. அடிப்பவன் சிப்ரியானோ. சின்னஞ்சிறு அந்தோணியார் கோயிலின் கோயில்பிள்ளை. காய்ச்சல் என்றாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போகிறவன்.

ஆறு ஐந்து... ஆறு பத்து...

அவனுடைய தங்கை தோரலீசி காப்பியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

கோயில் கதவு திறந்திருந்தது. பூட்டு உடைபடவில்லை.

பீடத்துக்கு முன்னால் சிப்ரியானோ குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் பித்தளை மெழுகுத்திரித் தண்டு... அதன் அடியில் ரத்தம்!

மேலே மாடம் காலி. தலைமுறை தலைமுறையாக அங்கே நின்ற மரச் சுரூபம், ஊரைக் காத்த அந்தோணியார்... இல்லை!

“அண்ணாஆஆ...!”

முதலில் ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தவன் எவரால்டோ. அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. மினாஸ் மாநிலத்து மலையூர்களில் வீடு வீடாக ஏறி, பழைய அலமாரி, மேசை, பெட்டி என்று வாங்கி நகரத்துப் பணக்காரர்களுக்கு விற்பவன். பிப்ரவரியில் ஒரு பெட்டியை விலை பேச வந்தான். பெட்டியை விட்டுவிட்டுத் தோரலீசியைப் பேசி முடித்துவிட்டான்.

“அழாத தோரா... நான் இருக்கேன்ல...”

இரண்டாவதாக வந்தவர் அந்தோணியார் சபைத் தலைவர் ஃபிர்மினோ. பிணத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“பூட்டு உடையல. சாவி இவன்கிட்ட மட்டும்தான். இவனேதான் திறந்துவிட்டு சாமியை வித்திருக்கான். பங்கு பிரிக்கையில தகராறு... கூட்டாளி போட்டுட்டான்.”

“வாயைக் கழுவுங்க! அங்க கிடக்கிறது என் அண்ணன்!”

“யாரா இருந்தா என்ன? திருடனுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. அவ்வளவுதான்!”

அவ்வளவுதானாம்!

அப்பாவும் தாத்தாவும் கோயிலுக்குப் பின்னால் படுத்திருக்க, சிப்ரியானோவை இருபது கிலோமீட்டர் தள்ளி நகராட்சிக் குழியில் போட்டார்கள். பெயர்கூடக் கிடையாது. ஒரு குச்சியில் ஒரு நம்பர்.

தோரலீசிக்கு அன்றைக்கு அழுகை நின்றுபோனது. ஆத்திரம்தான் மிச்சமிருந்தது.

‘அண்ணன் திருடன் இல்லைன்னு நிரூபிப்பேன். அவனைத் தோண்டி எடுத்துட்டு வந்து இங்கதான் புதைப்பேன்!’

*

இரண்டு மாதம் கழித்து, போலீஸ் நிலையத்தில் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் இவோனி எடுத்தாள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான நாக்கு.

“இன்ஸ்பெக்டரம்மா! கண்டுபிடிச்சுட்டேன்!” தோரலீசியின் குரல் படபடத்தது.

“யாரை? கொலைகாரனையா?”

“சாமியை!”

யாரோ ஒரு வீட்டு அலங்காரக்காரி, தான் ஜோடித்த வீட்டைப் படமெடுத்து உலகத்துக்கே காட்டியிருந்தாள். மாநிலத் தலைநகர் பெலோ ஹொரிசோன்டேயில் வக்கீல் அகினால்டோவின் பங்களா. அந்தப் படம் தோரலீசியின் செல்போன் வரைக்கும் வந்துவிட்டது. படத்தின் மூலையில், ஒரு மேசை மேல், அந்தோணியார்!

“தோரலீசி, இந்த மாநிலத்துல அந்தோணியார் சுரூபம் ஆயிரம் இருக்கு. அவர் வக்கீல் வேற. ஆதாரம் இல்லாம கையை வெச்சா என் வேலை போயிடும்.”

“இடது காது மடல் உடைஞ்சிருக்கு! பதினஞ்சு வருஷமா நான் துடைச்ச முகம்!”

“காது உடையாத பழைய சுரூபம் ஏது? ஊர்க்காரங்க எடுத்த போட்டோவுல எல்லாம் அங்கியும் சரிகைத் துணியும்தான் தெரியுது. வேற ஏதாவது சொல்லு.”

தோரலீசி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“...வேற ஒண்ணும் இல்ல.”

பொய்!

ஒன்று இருந்தது. போன வருடம் ஜூன் பதிமூன்றாம் தேதி, அந்தோணியார் திருநாளன்று, கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த தோரலீசி சுற்றும் முற்றும் பார்த்தாள். சாமியின் கையிலிருந்த குழந்தை இயேசுவைப் பிடுங்கிக்கொண்டாள்.

‘மாப்பிள்ளையைக் குடுங்க. குழந்தையைத் திருப்பித் தர்றேன்!’

கல்யாணமாகாத பெண்கள் அந்த ஊர்களில் செய்கிற காரியம்தான். தங்கள் வீட்டுச் சின்னச் சுரூபத்திடம் செய்வார்கள். இவள் கோயில் சாமியிடமே செய்துவிட்டாள்! பதிலுக்கு ஒரு கந்தல் பொம்மையைத் துணியில் சுருட்டி, சரிகையால் மூடி, சாமியின் கையில் கட்டிவிட்டாள். உண்மைக் குழந்தை அரிசி டின்னுக்குள் போனது. கல்யாணத்தன்று திருப்பித் தருவதாகப் பேச்சு.

இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தோரலீசி. இன்னொருவர் அந்தோணியார். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இவளும் திறக்க முடியாது. அண்ணன் சாமியைத் திருடினான் என்கிற ஊர், தங்கை குழந்தையைத் திருடினாள் என்று தெரிந்தால் சும்மா விடுமா? குடும்பமே திருட்டுக் குடும்பம் என்று முடித்துவிடும்!

“சரி, வாரன்ட் இல்லாம சும்மா பார்த்துட்டு வருவோம்,” என்றாள் இவோனி. “உன் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. பழைய சாமான் விஷயம் தெரிஞ்சவர். உதவியா இருக்கும்.”

எவரால்டோ கொஞ்சம் தயங்கினான். அப்புறம் சிரித்தான்.

“உனக்காக வர்றேன் தோரா.”

*

வக்கீல் அகினால்டோவின் வரவேற்பறை.

தோரலீசி வாசலிலேயே நின்றுவிட்டாள்!

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் விஸ்கி பாட்டில்கள். எத்தனை பேர் முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொல்லி அழுத கூண்டோ... உள்ளே நீல விளக்கு! ஏதோ ஒரு ஊரின் ஞானஸ்நானத் தொட்டியில் ஐஸ் கொட்டி, பீர் பாட்டில்களைப் புதைத்திருந்தார்கள். கோயில் பெஞ்சுக்குப் பட்டுமெத்தை போட்டு சோபாவாக்கியிருந்தார்கள். நடுவில் வழவழவென்று ஜகரண்டா மர மேசை.

மேசை மேல், அங்கியில்லாமல், புதுச் சாயத்தில் பளபளத்துக்கொண்டு... அந்தோணியார்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்றார் அகினால்டோ. தலையெல்லாம் வெள்ளி, பட்டுச் சட்டை. எவரால்டோவை ஏற இறங்கப் பார்த்தார். “இவர் யாரு? முன்னப்பின்ன பார்த்ததில்லையே.”

“எனக்கும் உங்களைத் தெரியாது சார்,” என்றான் எவரால்டோ.

“இது எங்க சாமி,” என்றாள் தோரலீசி நின்றபடியே.

“அம்மா, இது எங்க கொள்ளுத் தாத்தா காலத்துலருந்து எங்க வீட்டுல இருக்கு. நோட்டரி கையெழுத்தோட பத்திரம் இருக்கு. காட்டட்டுமா?”

“அந்தக் கூண்டும் கொள்ளுத் தாத்தாதா? அவர் என்ன, பங்குச் சாமியாரா?”

இவோனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அகினால்டோவின் முகம் சிவந்தது. “இதெல்லாம் ரசனை! உங்க ஊர்ல கரையான் தின்னுட்டுப் போகும். நான் காப்பாத்தி வெச்சிருக்கேன்!”

“ஒரு ஊர் கும்பிடற சாமியை நீங்க வாங்கி விளக்கு போட்டா ரசனை. எங்க அண்ணன் அதைத் தொட்டுத் துடைச்சா திருட்டா? நல்லாருக்கு உங்க ரசனை!”

“இன்ஸ்பெக்டர்! இந்தப் பொம்பளையை அடக்கி வைங்க!”

“இன்னும் ஒரு நிமிஷம் சார்,” என்றாள் இவோனி. “தோரலீசி, சொல்லு. இதுதான் உங்க சாமின்னு எதை வெச்சுச் சொல்றே?”

தோரலீசி சுரூபத்தை உற்றுப் பார்த்தாள். காது அதேதான். ஆனால் சாமியின் கையில்... ஒரு குழந்தை! மரத்தில் செதுக்கிய, கொழுகொழுவென்ற குழந்தை!

இது புதுசு என்று அவளால் நிரூபிக்க முடியும். உண்மைக் குழந்தை அவள் தோள்பையில்தான் இருக்கிறது. காலையில் அரிசி டின்னிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

எடுத்தால் மானம் போகும். எடுக்காவிட்டால் அண்ணன் நம்பராகவே கிடப்பான்.

கை பையின் ஜிப்பைத் தொட்டது.

எவரால்டோ அவள் தோளில் கை வைத்தான்.

“போதும் தோரா, வா போகலாம். இது நம்ம சாமியா இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா நல்லா பாரு. இவர் கையில மரக் குழந்தை இருக்கு. நம்ம சாமி கையில என்ன இருந்துச்சு? வெறும் கந்தல் பொம்மை! குழந்தையே இல்லாத சாமி அது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?”

ஜிப்பைத் தொட்ட கை அங்கேயே நின்றது.

“...என்ன சொன்னீங்க?”

“உண்மையைத்தானே சொன்னேன்...”

“நம்ம சாமிகிட்ட குழந்தை இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரு... ஊருக்கே தெரியுமே!”

“ஊருக்குத் தெரியாது.”

“அப்போ... நீதான் ஒருநாள் சொன்னே...”

“நானா?” தோரலீசியின் குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. “மாப்பிள்ளை வேணும்னு சாமி கையிலருந்து குழந்தையைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சிருக்கேன்னு, வந்த மாப்பிள்ளைகிட்டயே எந்தப் பொம்பளையாவது சொல்லுவாளாடா?”

‘டா!’

எவரால்டோ ஒரு அடி பின்னால் வைத்தான்.

இவோனி மெதுவாக எழுந்தாள். “ஒரு நிமிஷம். சரிகைக்குள்ள கந்தல் பொம்மை இருந்தது இவளுக்கு மட்டும்தான் தெரியும்னா...”

“இன்னொருத்தனுக்கும் தெரிஞ்சிருக்கணும் இன்ஸ்பெக்டரம்மா. சாமியை இறக்கி, துணியைப் பிரிச்சுப் பார்த்தவனுக்கு!”

“தோரா, எங்க தொழில்ல பாதி அந்தோணியார் குழந்தை இல்லாமத்தான் வரும். நானா ஒரு யூகத்துல...”

“கந்தல் பொம்மையும் யூகமா? சாவி எங்க வீட்டு சமையலறை ஆணியிலதானேடா தொங்குச்சு! ஞாயித்துக்கிழமை வெண்டைக்காய் போட்டுக் கோழி வெச்சேன். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னியே! தின்ன கையாலயே சாவிக்கு அச்சு எடுத்தியா? பரிமாறின அண்ணன் தலையிலயே போட்டியா?”

எவரால்டோ வாசலைப் பார்த்தான்.

பாய்ந்தான்!

தோரலீசி பட்டுமெத்தை போட்ட பெஞ்சை எட்டி உதைத்தாள். அது அவன் முழங்காலில் இடித்தது. தடுமாறியவன் ஞானஸ்நானத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான். ஐஸும் பீரும் நாலாபக்கமும் தெறித்தன.

“அசையாத!” இவோனியின் துப்பாக்கி அவன் பிடரியில் உட்கார்ந்தது. “ஞானஸ்நானம் ஆச்சுல்ல? இப்போ பாவசங்கீர்த்தனம். சொல்லு!”

“அவர்... அவர் அவ்வளவு சீக்கிரம் வருவார்னு நினைக்கல...” எவரால்டோவின் பற்கள் தந்தியடித்தன. “கத்தப் பார்த்தார்... நான் என்ன செய்யட்டும்...”

தோரலீசி அவன் பக்கம் திரும்பவில்லை. நேராக ஜகரண்டா மேசைக்குப் போனாள். சுரூபத்தின் கையிலிருந்த கொழுகொழுக் குழந்தையைப் பிடித்து இழுத்தாள். ‘பட்’டென்று பசை விட்டது. உள்ளே பழைய துளை.

பையைத் திறந்தாள். கறுத்துப்போன, மூக்குத் தேய்ந்த, உள்ளங்கை நீளக் குழந்தை. அதன் அடியில் ஒரு கோணல் முளை.

துளையில் வைத்தாள். உள்ளே போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

அகினால்டோ நெற்றியைத் துடைத்தார். “நான்... நான் வாங்கினவன்தான்! இவன்தான் கொண்டுவந்து குடுத்தான்! கொலை எனக்குத் தெரியாது!”

“ஓ! இவர்தான் உங்க கொள்ளுத் தாத்தாவா?” என்றாள் தோரலீசி. “வயசே தெரியல!”

*

சனிக்கிழமை சிப்ரியானோ ஊர் திரும்பினான்.

கோயிலுக்குப் பின்னால் ஊரே கூடியிருந்தது. பெண்கள் தோரலீசியைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அவள் நின்று திரும்பினாள்.

“ஆமா, நான்தான் எடுத்தேன். என்ன இப்போ?”

குசுகுசுப்பு நின்றது.

ஃபிர்மினோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “மன்னிச்சிடும்மா. சபை சார்பா நல்ல இடமா ஒதுக்கியிருக்கோம்...”

“மண்வெட்டி அதோ இருக்கு.”

“...என்னது?”

“இடம் இல்லைன்னு சொன்னது நீங்கதானே? குழியையும் நீங்களே வெட்டுங்க!”

கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு ஃபிர்மினோ வெட்டினார். வியர்வை வழிய வழிய வெட்டினார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்தில் அண்ணனை இறக்கினார்கள். பெயர் பொறித்த கல் வைத்தார்கள். தோரலீசி தானே போய் மணியடித்தாள். அடிக்க அடிக்க, இரண்டு மாதமாக வராத அழுகை வந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின், இவோனி சுரூபத்தைக் கொண்டுவந்து மாடத்தில் நிறுத்தினாள். கையெழுத்து வாங்கினாள்.

தோரலீசி அண்ணாந்து பார்த்தாள். சாமியின் கை காலி!

“குழந்தை எங்க?”

“அது சாட்சிப் பொருள்,” என்றாள் இவோனி, எங்கோ பார்த்தபடி. “கேஸ் முடியற வரைக்கும் என் பொறுப்புல இருக்கணும்.”

“சாமியும் சாட்சிப் பொருள்தானே? அவரை மட்டும் விட்டுட்டீங்க?”

நாற்பத்தாறு வயது இன்ஸ்பெக்டருக்குக் காது வரைக்கும் சிவந்தது.

“சட்டம் அப்படி...”

“கேஸ் முடிய எவ்வளவு நாளாகும்?”

“அது... என் கையில இல்ல.” இவோனியின் கண்கள் மாடத்தைப் பார்த்தன. “அவர் கையிலதான் இருக்கு.”

தோரலீசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தாராளமா வெச்சுக்குங்க இன்ஸ்பெக்டரம்மா! ஆனா கேக்கும்போது, மாப்பிள்ளை என்ன தொழில் பண்றவரா இருக்கணும்னு முதல்லயே தெளிவா சொல்லிடுங்க!”