முதல் வரிசை

ஜன்னல் விளிம்பில் காபித்தூள் சிந்தியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகுதான் பிளாஷெனாவுக்கு உறைத்தது. மார்ச்சில் கணவர் லுபோர் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் காபி போட்டதில்லை. விரலை முகர்ந்தாள். பிசின் வாசம். பட்டை வண்டு மரத்தைத் துளைத்து வெளியே தள்ளும் தூள் அது. உயிருள்ள ஸ்புரூஸ் ஊசியிலை மரத்தின் அடியில் கிடக்க வேண்டியது. எண்பது வருஷம் காய்ந்த ஜன்னல் கட்டையை எந்த வண்டும் சீண்டாது.

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது நேராகப் பக்கத்து நிலத்துக்காரன் பொஹ்தான்மேல் போய் நின்றது.

இந்த மலைப்பக்கத்தில் காடெல்லாம் பாகம் பிரித்த ஒல்லிக் கீற்றுகள்தான். ஒருத்தன் மரத்துக்கு அடுத்தவன் மரம் நிழல். பொஹ்தான் போன குளிர்காலத்தில் தன் கீற்றை எல்லைக்கல் வரைக்கும் மொட்டையடித்தான். ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டுவை என்று லுபோர் போய்க் கேட்டார். நடுக்காட்டில் வளர்ந்த மரத்துக்கு அடிக்கிளை கிடையாது, பட்டை மெல்லிசு, வெயிலும் காற்றும் நேராகப் பட்டதே இல்லை, பட்டால் தாங்காது என்றார். "ஏன் லுபோரண்ணே, ஆளுக்கொரு குடையும் வாங்கிக் குடுத்திரட்டுமா?" என்றான் பொஹ்தான். பீர்க்கடையே சிரித்தது.

மார்ச் காற்றில் ஓரத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவற்றை அறுத்து ஒதுக்கப் போன லுபோர்மேல் இன்னொன்று சாய்ந்தது. அடக்கத்துக்கு பொஹ்தான் மலர்வளையம் கொண்டுவந்தான். ஸ்புரூஸ் கிளையில் கட்டியது.

மே மாதம் வண்டு வந்தது. வெயில் பட்ட முதல் வரிசையைத்தான் பிடித்தது. வண்டு விழுந்ததை உடனே வெட்டு என்று வன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பக்கத்தில் மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவன் பொஹ்தான் ஒருத்தன். வெட்டினான். அதோடு இரண்டாவது வரிசை முதல் வரிசை ஆனது. வெயில் அதன்மேல் ஏறியது. இரண்டே வாரத்தில் அதன் காலடியிலும் பழுப்புத் தூள். மறுபடி கடிதம், மறுபடி மிஷின். வெட்ட வெட்ட, காட்டின் ஓரம் வீட்டை நோக்கி நடந்துவந்தது. லுபோர் விட்டுப்போன ஏழு வரிசையில் ஆறு போயிற்று. ஆகஸ்டில், வீட்டுக்கும் வெட்டவெளிக்கும் நடுவே மிஞ்சியது ஒன்று. அதிலும் ஊசியிலைகள் சிவந்து உதிரத் தொடங்கிவிட்டன. செத்தாலும் நிற்கட்டும் என்று அவள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ஜன்னல் தூளைத் துடைத்த அன்று நடுப்பகலில் பொஹ்தானின் மிஷின் சத்தம் கேட்டது. ஓடினாள்.

"தள்ளி நில்லுங்கக்கா. கடைசி வரிசை. அரைமணி வேலை."

"தொடாத. வண்டு தின்னுட்டுப் போன மரம்டா அது. செத்தும் என் வீட்டுக்கு நிழல் குடுக்குது."

"வீட்டுக்கு எதுக்குக்கா நிழல்? வண்டு வீட்டையா தின்னப்போகுது?"

"ஒத்த வரிசை கேட்டார் உங்கிட்ட. குடுத்திருந்தா இந்நேரம் உள்ள உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பார்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரம்பத்தின் கயிற்றை இழுத்து உயிர்ப்பித்தான்.

கடைசி மரம் விழுந்தபோது, எத்தனையோ தலைமுறையாக வெயில் அறியாத அந்த முற்றம் சுண்ணாம்புக்கல்போலப் பளீரென்று வெளுத்தது. பாசி படிந்த சுவரிலிருந்து ஆவி எழும்பியது. ரம்பம் நின்றது. காற்று இல்லை, பறவை இல்லை, அறுத்த பிசினின் நெடி மட்டும் தொண்டையில் ஒட்டியது. அந்த அமைதிக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த அரிசியைக் காகிதத்தின்மேல் மெதுவாகச் சரித்துக்கொண்டே இருப்பதைப்போல.

பொஹ்தான் வெட்டவெளியைப் பார்த்து நின்றான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால். அடுத்த வருஷம் இந்த வண்டு தொடாத பீச் மரக்கன்று நட்டுக்கொள்ளலாம் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் ஒரு வண்டு உட்கார்ந்தது. தட்டிவிட்டான். இன்னொன்று. பிறகு பத்து. பிறகு கழுத்தே கறுப்பு.

பேச்சு பாதியில் நின்றது.

அவன் தட்டவில்லை. திரும்பவில்லை. சட்டைக் காலரிலிருந்து பழுப்புத் தூள் வழிந்தது. சன்னமாக. நிற்காமல்.

கோபத்தில் அவளுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் லேசாக ஒருபக்கம் சாய்ந்தான். அவன் தோளைத் தாண்டி வந்த வெயில் அவள் மணிக்கட்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு வண்டு. கையை அவன் நிழலுக்குள் இழுத்தாள். வண்டு பறந்துபோனது.

கையை மறுபடி நீட்டினாள். வெயில். வண்டு.

இழுத்துக்கொண்டாள். வீட்டு வாசல்வரைக்கும் முற்றம் முழுக்க வெயில்.

அவன் இன்னும் சாய்ந்தான்.

"நில்லுடா," என்றாள். "விழுந்துறாத."

அவனைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நிமிர்த்தினாள். முகத்தை அவன் முதுகில் புதைத்தாள். உள்ளே அரிசி சரிந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பான தூள் அவள் செருப்பை மூடிக் கணுக்காலுக்கு ஏறியது. அந்த மலைநாட்டுக் கோடையின் நீண்ட பகலில் சூரியன் இறங்க இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். பிடிக்கப் பிடிக்க அவன் கனம் குறைந்துகொண்டே வந்தது.