முதலில் கேட்ட குரல்

"கூப்பிடுங்க மேடம். ஒருதடவை கூப்பிட்டீங்கன்னா வேலை முடிஞ்சிரும்," என்றார் நிறுவனத்தின் இயக்குநர் அருள்வரதன்.

கோவையின் கழிவுநீர்க் குளக்கரையில் நின்றிருந்த திலோத்தமைக்கு எரிச்சல் தலைக்கேறியது. பாதாளச் சாக்கடையில் கொழுப்பைத் தின்று அடைப்பு நீக்கும் தூம்பன் என்ற உயிரியை அவருடைய நிறுவனத்துக்காக உருவாக்கியவள் அவள்தான். பூசணிக்காய் அளவு, கண் கிடையாது, காது மட்டும் கூர்மை. முட்டைக்குள் இருக்கும்போது கேட்ட குரல் யாருடையதோ, ஆயுள் முழுக்க அவர் பின்னாலேயே வரும். பழக்குவது சுலபமாக இருக்கட்டும் என்று அந்தக் குணத்தை வைத்ததும் அவள்தான், குரல் கொடுத்ததும் அவள்தான். பலன், எந்த ஓட்டலில் அவள் வாய் திறந்தாலும் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு ஒன்று "க்கூ" என்று தலை நீட்டியது. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

இப்போது புதுத் தூம்பன் தயார். அது தானே பெருகும். முட்டைக்கு யாரும் குரல் கொடுக்க வேண்டாம். பழையவற்றைக் குளத்தில் திரட்டிச் சுண்ணாம்புக் கரைசலைத் திறந்துவிட்டுக் கொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"வாங்க, வந்து தொலைங்க," என்றாள் ஒலிபெருக்கியில்.

வந்தன. குழாய் வாய்களெல்லாம் பிதுங்கி, குளமே தெரியாதபடி நிறைந்தன. விலா கிழிந்த கிழட்டுத் தூம்பன் ஒன்று கரையேறி, வாயிலிருந்த கொழுப்புக் கட்டியை அவள் காலடியில் வைத்தது.

"ஐயோ, எனக்கெதுக்கு இது!" என்று காலை இழுத்துக்கொண்டாள். அது கட்டியை மறுபடி அவள் பக்கமாகவே நகர்த்தியது.

திலோத்தமை ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.

"வால்வைத் தொடாதீங்க."

"என்னங்க மேடம், இதுகளால நிம்மதியே போச்சுன்னு நீங்கதானே பொலம்புவீங்க?"

"போச்சுதான், யாரு இல்லைன்னா? நான் கூப்பிட்டேன்னு வந்துருக்குதுங்க. எப்படிங்க கொல்றது?"

சண்டை முற்றி வேலையை விட்டாள். பழையவற்றோடு குளக்கரையிலேயே தங்கி, ஓட்டல்களில் கழிவு எண்ணெய் வாங்கி வந்து ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் திட்டினாள்.

மழைக்காலம் வந்தது. புதுத் தூம்பன்கள் கணக்கில்லாமல் பெருகி, சாக்கடையில் தீனி போதாமல் வீட்டுக் குழாய் வழியே சமையலறைகளுக்கு ஏறின. நெய்யைத் தின்றன, சோப்பைத் தின்றன. திரும்பிப் போகச் சொல்ல ஆளில்லை. உருவாக்கியவர் யார் என்று மாநகராட்சி கேட்டதற்கு, கணிப்பொறி வடிவமைத்தது, தானியங்கித் தொட்டி வளர்த்தது என்றது நிறுவனம்.

ஒருநாள் அருள்வரதனே போன் செய்தார். திலோத்தமை போய்ப் பார்த்தபோது சமையலறை நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். அடுப்பு மேடையில் பெரிய தூம்பன் ஒன்று வெண்ணெய் தின்றுகொண்டிருந்தது.

"நாலஞ்சு நாளா கத்தறேன், நகர மாட்டேங்குது. நீங்க கூப்பிட்டுப் பாருங்க!"

கூப்பிட்டாள். அது அசையவில்லை.

"இதுக்கு நான் யாரோதான் சார்."

"அப்ப யாரு சொன்னாத்தான் கேக்கும்?"

"யாரு சொன்னாலும் கேக்காது. நீங்கதானே குரலே வேண்டாம்னீங்க?"

அவருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போய்த் தொலை சனியனே!" என்று வீடே அதிரக் கத்தினார்.

பாத்திரத் தொட்டிக்குக் கீழே மெல்லிய சத்தங்கள் கேட்டன. திலோத்தமை குனிந்து கதவைத் திறந்தாள். குழாயில் ஒட்டியிருந்த முட்டைக் கொத்து வெடித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சை அளவுக் குஞ்சுகள் தரையில் விழுந்து, அவளைக் கண்டுகொள்ளாமல் கடந்து, நாற்காலிக் கால்களைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

அருள்வரதன் பதறினார். "நான் திட்டத்தானே செஞ்சேன்!"

"அர்த்தமா அதுங்களுக்குத் தெரியும்? குரல் கொடுக்கறதைத்தானே நிறுத்துனீங்க, அந்தக் குணம் அப்படியேதான் இருக்குது. நாலஞ்சு நாளா முட்டைக்குள்ள உங்க குரலைத்தான் கேட்டுருக்குதுங்க."

மிச்சமிருந்த வெண்ணெயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பசிக்குதாட்ட இருக்குது. இறங்கி ஊட்டி விடுங்க சார்."