காணாமல் போன வேலம்பாசி

முதல் வாரம் இருபத்திரண்டு. இரண்டாம் வாரம் ஒன்பது. இந்தச் சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை.

முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற பாண்டிச்செல்வி மறுபடியும் குனிந்து தேடினாள். மலையடிவாரத்திலிருந்து கடல்வரை, வைப்பாற்றங்கரைப் பள்ளிகள் எல்லாம் ஆற்றுக்குள் வளரும் செடிகளை எண்ணுகின்றன. அவள் பள்ளிக்கு அவள்தான் ஆள். மூங்கில் சட்டத்தை ஒரே இடத்தில் வைத்து, உள்ளே எத்தனை வேலம்பாசிச் செடி என்று நோட்டில் எழுத வேண்டும். செடி திடீரென்று குறைந்தால் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

ஊரே குடிப்பது இந்த ஆற்று ஊற்றுத் தண்ணீரைத்தான். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. அம்மா சின்னத்தாய்க்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. சேலையில் ஒட்டிவரும் வெள்ளிநிறப் பொடியைத் தினமும் இங்கேதான் அலசுவாள். அதனால்தான் பாசி செத்ததோ? பூஜ்ஜியம் என்று எழுதினால் அம்மாவை என்ன செய்வார்களோ?

நாலடி தள்ளிப் பாசி மண்டிக் கிடந்தது. சட்டத்தை அங்கே வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தூக்கியும் விட்டாள். தண்ணீர் நிஜமாகவே கெட்டிருந்தால்? அதை எல்லோரும் குடிப்பார்களே!

சட்டத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். பூஜ்ஜியம் என்று எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். கருவேலம் புதருக்குப் பின்னால் காய்ந்த பாசி குவிந்து கிடந்தது.

"அழுவாதத்தா. நாந்தான் பிடுங்கிப் போட்டேன். நீ நிக்கிற எடத்துல பாசி கால்ல சுத்திக்கிட்டா என்ன செய்வ? கம்பெனில இருக்கிறப்பல்லாம் எனக்கு அதே நெனப்பு."

பட்டாசு மருந்துக்குப் பயப்படாத அம்மா பாசிக்குப் பயந்திருக்கிறாள்! பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

"நீ கம்பெனிக்குப் போனா எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு."

அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சேலையை இனி ஆற்றில் அலசுவதில்லை என்று அவளே சொன்னாள். பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு பாசிக்குள் இறங்கினாள். காலை உதறியதும் அது சுலபமாக விட்டுவிட்டது. "இம்புட்டுத்தானா?" என்றாள்.

பாண்டிச்செல்வி நோட்டைத் திறந்து 'காரணம்' கட்டத்தில் எழுதினாள்: "எங்கள் அம்மா. இனிமேல் பிடுங்க மாட்டார். அடுத்த சனிக்கிழமை எண்ணுவதற்கு அவரும் வருகிறார்."