எக்கி மென்ற கறி

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தட்டைக் கண்டால் வாய் ஊறுவதில்லை, கை அரிக்கிறது. போனைத் தூக்கிப் படம் பிடித்து, கறி ஆறிக் கொழுப்பு ஆடை கட்டின பிறகு, வாயைப் பிளந்துகொண்டு மெல்லுகிறார்கள். பார்த்தாலே வாட்டி கெடஸ் கிழவருக்குக் குமட்டும். ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊர்க் கப்பல் பட்டறையில் இரும்பு வளைத்துக் காலம் தள்ளியவர். அடுத்தவன் கையால் எதையும் வாங்கித் தின்ன மாட்டார்.

இன்று வந்தது மகளுக்காக. தெருக்கோடியில் இருக்கும் பப் என்ற மதுக்கடையை அந்த மகள் மோர்வென்தான் எடுத்து நடத்துகிறாள். அக்டோபரில் எக்கி மட்ச் என்ற கிழவன் மூலை மேசையில் அவள் சமைத்த கறி தொண்டையில் சிக்கிச் செத்தான். அதற்கப்புறம் அங்கே குடிக்க வருகிறார்கள், தின்ன ஒருத்தரும் வருவதில்லை.

"அப்பா, உங்க வாய்க்குப் பயப்படாத ஆளு இந்தத் தெருவுல இல்ல. எல்லாரும் பாக்க ஒரு தட்டு மிச்சம் வைக்காம தின்னுட்டீங்கன்னா போதும். இல்லேன்னா புது வருஷத்தோட கதவச் சாத்த வேண்டியதுதான்."

"நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் சொல்வேன்."

"சொல்லுங்க. தின்னுட்டுச் சொல்லுங்க."

டிசம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது, மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. காலியாக இருந்தது அந்த மூலை மேசை ஒன்றுதான். மருமகன் கிரெய்க் பீர் கொண்டுவந்து வைத்தான்.

பப்பில் எல்லார் கண்ணும் அந்தக் குவளை மேல் விழுந்தது.

அது எக்கியின் ஈயக் குவளை. வாடிக்கைக்காரன் செத்தால் அவன் குவளை கல்லாவுக்கு மேலே கொக்கியிலேயே தொங்க வேண்டும். அதில் யாரும் ஊற்ற மாட்டார்கள்; ஊற்றினால் செத்தவன் தின்னத் திரும்பி வந்துவிடுவான் என்று நம்பிக்கை.

"அடப் பாவி, அத ஏன்டா இறக்கினே?" என்றாள் பெல்லா பர்டி, கல்லாவோரம் குடித்துக்கொண்டிருந்த கிழவி.

"தூசி படிஞ்சு கிடந்துச்சு, நல்லாத் தேச்சுட்டேன். மாமாவுக்கு ஒரு மரியாதை."

"மரியாதையாம். இனி அவன் வாயக் கட்டுறது யாரு, நீயா?"

"செத்தவனுக்கு எதுக்குடி குவளை?" என்று வாட்டி ஒரு மடக்கு குடித்தார். பீர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வாயில் வைத்திருந்து திரும்ப ஊற்றினது போல.

மாவு மூடி போட்டுச் சுட்ட மாட்டுக்கறி வந்தது. ஆவிக்கு அடியில் வேறொரு வாடை. நனைந்த கம்பளிக் கோட்டும் விளக்காத வாயும் சேர்ந்த முடை நாற்றம்.

அவர் இன்னும் முள்கரண்டியைக்கூட எடுக்கவில்லை.

தட்டின் விளிம்பில் ஒரு சவ்வு உருண்டை. சாம்பல் நிறம். எச்சில் பளபளத்தது.

எக்கியின் பழக்கம் அது. பல்லில்லாத வாயில் சவ்வை மென்று மென்று, தட்டோரத்தில் வரிசையாக வைப்பான்.

"மோர்வென், தட்டக் கழுவறதில்லையா?"

அவள் முகம் வெளுத்தது. வேறு தட்டை எடுத்து, அவர் கண்முன்னாலேயே துடைத்து, புதுக்கறி போட்டு வைத்தாள்.

எதிர் நாற்காலி காலி. அங்கிருந்து சத்தம் வந்தது.

சளப். சளப்.

புதுத் தட்டின் விளிம்பில் இப்போது இரண்டு உருண்டைகள்.

பப்பே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தின்னத் தொடங்கினார். முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாய் பல்லுக்குள் வழுக்கியது. சாறு இல்லை, ருசி இல்லை. ஏற்கெனவே ஒருவன் மென்றுவிட்ட கறி. துப்ப வாயைத் திறந்தவர், கல்லாவுக்குப் பின்னால் சமையல் மேலங்கியின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார்.

விழுங்கினார்.

அப்படியே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் கரண்டியை வைத்தார்.

"ஏன் வாட்டி, ஓரத்துல ஒதுக்கிட்டே?" பெல்லா கழுத்தை நீட்டினாள். "நீ மிச்சம் வைக்க மாட்டேன்னு உன் மக சொன்னாளே?"

விளிம்பில் மூன்று இருந்தன.

அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அது இன்னும் சூடாக இருந்தது. இரண்டாவது நாக்கில் ஒட்டிக்கொண்டது, விரலால் தள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது தொண்டையில் இறங்க மறுத்து, நின்று, திரும்பி, பிறகு மெதுவாக வழிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது.

"எப்படி?" என்று கேட்டாள் பெல்லா.

"கறி நல்லாத்தான் இருக்கு. உப்பு ஒரு கல்லு கம்மி."

யாரோ சிரித்தார்கள். "அப்ப எனக்கும் ஒரு தட்டு" என்றாள் பெல்லா. ஜன்னலோரம் இருந்தவனும் கை தூக்கினான்.

வாசலில் மோர்வென் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா," என்று கிசுகிசுத்தாள், "உங்க எதிர்ல யாரோ..."

"கறிக்கடைக்காரன மாத்து."

"நானும் சத்தம் கேட்டேன்பா."

"பேயுமில்ல, கத்திரிக்காயுமில்ல. கிழட்டு மாட்ட உன் தலையில கட்டிட்டான்."

மழையில் இறங்கி நடந்தார். விளக்குக் கம்பத்தடியில்தான் கவனித்தார். அவர் தாடை அசைந்துகொண்டிருந்தது. விரலை விட்டுத் துழாவினார். வாய் காலி. தாடையைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

கைக்குள்ளேயும் அது நிற்கவில்லை.

"கறிக்கடைக்காரன்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே நடையை எட்டிப் போட்டார். அவருக்குப் பல் ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் தெரு முழுக்க, பல்லில்லாத வாயின் சத்தம் கூடவே வந்தது.

சளப். சளப்.